இடி ஐயா உள்ளே, சாவி வெளியே

என் அக்கா சிறைக் காவலர். இதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் அப்பாவுக்குப் பல வருடம் பிடித்தது. "அரசாங்க உத்தியோகம்" என்பார். எந்த ஆபீஸ் என்று யாராவது கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு மழை, வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நான் டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் அக்காவின் கதையில் பாதியைக் கேட்காமல் என் கடையை விட்டு நகர முடியாது. மீதியைக் கேட்க இன்னொரு பஞ்சர் ஆக வேண்டுமா என்று ஒரு வாடிக்கையாளர் அலுத்துக்கொண்டார். அவருக்காகவே முழுக்கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஆசைப்பட்டது பேருந்து நடத்துநர் வேலைக்கு. அதற்கேற்ற குரல் அவளுக்கு. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் இருக்கும் அம்மா "வர்றேன்டி" என்று பதில் சொல்வாள். இரண்டு வேலைக்கும் தேர்வு எழுதினாள். சிறைத் துறை முந்திக்கொண்டது.

அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் மைதானம்தான். விடிந்தால் ஓட்டம், பிறகு அணிவகுப்பு, சல்யூட், பூட்ஸுக்குப் பாலிஷ், விதிப் புத்தகம் மனப்பாடம். அக்கா எல்லாவற்றிலும் முதல். வீட்டுக்கு வந்தபோது நடையே மாறியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட மூலையில் சட்டென்று திரும்புவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள், வலப்பக்கம் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். எதிரே ஒருத்தி உட்கார்ந்து அழுதால் எந்தப் பக்கம் திரும்புவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதிலேயே அது தெரிந்துபோனது. பெண்கள் சிறையில் ஒரு கைதி அவளிடம், "இன்னைக்கு என் பொண்ணு பாக்க வருவாளா மேடம்?" என்று கேட்டாள். அக்கா, "பாக்கலாம்" என்றாள். மூத்த வார்டர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு அங்கே அர்த்தம், 'ஆளை விடு' என்பதுதான். ஆனால் கேட்டவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தலையை வாரிக்கொண்டு, காலையிலிருந்து பார்வையாளர் நேரம் முடியும்வரை உள்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வர அனுமதியே கேட்டிருக்கவில்லை. ஆபீஸில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அக்காவுக்கே தெரிந்திருக்கும்.

அன்று அவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. "நான் பொய் சொல்லலடா. ஆனா அவ நாள் பூரா நின்னா" என்றாள்.

அதோடு 'பாக்கலாம்' என்ற வார்த்தையையே தலைமுழுகிவிட்டாள். வீட்டில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. "அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று கேட்டால், "தெரியாது. டூட்டி போட்டதும் வியாழக்கிழமை சொல்றேன்" என்பாள். வியாழக்கிழமை நான் லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது சரியாகப் போன் அடிக்கும். "வரல. வேற ஒண்ணுமில்ல, வச்சிடறேன்." இவளோடு குடும்பம் நடத்துகிற மாமா உண்மையிலேயே பொறுமைசாலி. மாமா தையல்காரர். ஒரு சட்டை நாளைக்குத் தயார் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். உடனே, "நாளன்னைக்கு வச்சுக்கோங்க" என்று திருத்துவார்.

வருடங்கள் போயின. அக்கா தலைமைக் காவலர் ஆனாள். எந்த பிளாக்கில் கூச்சல் என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் போவாள், பேசுவாள், கேட்பாள். கொஞ்ச நேரத்தில் கூச்சல் போட்ட கைதி தானாக எழுந்து உள்ளே போவாள். புதிதாக வந்த வார்டர்கள், இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். "எங்க கத்துக்கிட்டேன்? தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்டேன். அந்தத் தப்பையெல்லாம் வாங்கிக்கிட்டது உள்ள இருக்கிறவங்க. நீங்களும் அவங்க மேலயே பண்ணிப் பாக்கணுமா? முன்னாடியே ஒரு இடத்துல பண்ணிட்டு வரக் கூடாதா?"

இந்தக் கேள்வி எப்படியோ காற்றுவாக்கில் பயிற்சிப் பள்ளி முதல்வரின் காதுக்குப் போயிருக்கிறது. அவர் புதிதாக வந்த அம்மாள். அக்காவைக் கூப்பிட்டு, "அந்த இடத்தை நீங்களே உண்டாக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

பெரிய சிறையின் மதிலை ஒட்டித்தான் பயிற்சிப் பள்ளி. அதில் பழைய சீருடைகளைக் குவித்துவைத்திருந்த ஒரு கூடத்தை அக்காவுக்குக் கொடுத்தார்கள். இடித்துத் தள்ளிய ஒரு பிளாக்கிலிருந்து கம்பிக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினாள். சுவர் எழுப்பினாள். கட்டில், வாளி, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். பூட்டும் நிஜப் பூட்டு. என் உள்ளங்கை அகலம் இருக்கும். "எதுக்குக்கா நிஜப் பூட்டு?" என்றேன். "பொம்மைப் பூட்டுன்னா பொம்மை மாதிரிதான் பேசுவாங்க" என்றாள்.

அந்த அறையில் யாராவது கைதியாக நடிக்க வேண்டும். பயிற்சிக் காவலர்கள் ஒவ்வொருவராக வந்து, கை வைக்காமல், கத்தாமல், பேசியே நிலைமையைச் சமாளிக்க வேண்டும். அக்கா இதை முதலில் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். மாமாதான் கைதி, சமையலறைதான் அறை. அவர் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. "உள்ளே போக மாட்டேன்னு சொல்லுங்க" என்று அக்கா சொல்லிக்கொடுப்பாள். "போக மாட்டேன்" என்பார். "ஏன்?" என்று கேட்டால், "சரிம்மா, போறேன்" என்று போய்விடுவார். இருபது வருடத் திருமணப் பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் என்னைத் தேடி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் விளையாட்டில்லை. பரிசோதனை வகுப்பு ஒரே ஒருநாள். மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்க்கும். பிடித்தால் அந்த வகுப்பு நிரந்தரம். அக்காவும் பள்ளியிலேயே பயிற்றுநர். பிடிக்காவிட்டால் கூடம் மறுபடி சீருடைக் கிடங்கு. பயிற்சி மறுபடி மைதானம். குழுவின் தலைவர் யார் என்று தெரிந்தபோது அக்காவே கொஞ்சம் ஆடிப்போனாள். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். முன்பு இதே பள்ளியை ஆண்டவர். குரலை வைத்து அவருக்கு இடி ஐயா என்று பெயர். "பேசிப் பேசி ஜெயிலை நடத்த முடிஞ்சா என்னை எதுக்கு வேலைக்கு வச்சாங்க?" என்று கேட்டவர். பள்ளியில் மதிய மணி அடித்தால் யார் எங்கே நின்றாலும் கைக்கு எட்டுகிற கதவைப் பூட்டி, சாவியைப் பெரிய சிறையின் சாவி அறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு விறைப்பாக நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். பெரிய சிறையில் கைதிகளை எண்ணும் நேரம் அது. "பூட்டு முதல்ல, யோசனை அப்புறம்" என்பது அவர் வாக்கு.

அந்த நாளும் வந்தது. முதல்வரும் குழுவும் நாற்காலிகளில். சுவரோரம் பயிற்சிக் காவலர்கள் வரிசையாக. அக்கா நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என்னைச் சமாளிக்க முதலில் வந்தவன் நெட்டையான ஒரு பையன். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்களாம். பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்திருக்கிறது, அறைக்குள் போக மறுக்கிறேன்: இதுதான் என் பாத்திரம். நான் வெளுத்து வாங்கினேன். வாளியை உதைத்தேன். என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. ஒட்டடைக்குச்சி முதலில் திணறினான். பிறகு என்ன செய்தி, யாருக்கு என்ன, இப்போது யாரிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தன்னால் எது முடியும் எது முடியாது என்று சொன்னான். நான் மெல்ல உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன்.

கைதட்டலுக்குப் பதில் நாற்காலி கரகரத்தது. இடி ஐயா எழுந்து, திறந்திருந்த கதவு வழியாக நேரே உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

"யாருய்யா நீ? எந்த நாடகக் கம்பெனி?"

"டயர் கடைங்க ஐயா."

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே? எப்ப அழணும், எப்ப உள்ள போகணும்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் மதிய மணி அடித்தது.

அப்போது நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஒட்டடைக்குச்சி கம்பிக் கதவை இழுத்து அறைந்தான். பூட்டைப் போட்டான், சாவியைத் திருப்பினான், இரண்டு முறை இழுத்துப் பார்த்தான், "பூட்டியாச்சு" என்று கத்தினான். சாவி வாங்க ஓடிவந்த காவலர் கையில் சாவியைக் கொடுத்தான். அவர் ஓடினார். எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். முதல்வர் உட்பட. உள்ளே இடி ஐயாவும் பழக்க தோஷத்தில் விறைப்பாகத்தான் நின்றார். பழைய பயிற்சி ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துவிட்டது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஒட்டடைக்குச்சியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"தொறடா" என்றார் ஐயா.

"சாவி போயிடுச்சு ஐயா. பெரிய ஜெயில் சாவி ரூமுக்கு."

எண்ணிக்கை முடியும்வரை சாவி அறை திறக்காது. யார் கேட்டாலும் திறக்காது. அதுவும் ஐயா போட்ட சட்டம்தான். பூட்டை அறுக்கலாம் என்றால் பட்டறைச் சாமான்கள் எல்லாம் மதிலுக்கு உள்ளே. முதல்வர் அம்மாள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். எனக்கு ஒரே ஒரு பயம்தான்: அக்கா தொலைந்தாள். குழுத் தலைவரைப் பிடித்துப் பூட்டிவைத்த வகுப்பை எந்த மடையன் நிரந்தரமாக்குவான்?

பிறகுதான் ஐயாவைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. சட்டைக் காலர் நனைந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே நின்ற மனிதர். உள்ளே நின்று பூட்டும் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

"தொறங்கடா" என்று கத்திக் கதவை உலுக்கினார். அந்தக் குரலில் இடி இல்லை.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் பேசினால் சரியாகிவிடும். ஆனால் அவள் நின்றுவிட்டாள். ஒட்டடைக்குச்சியைப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டது தோள் விறைத்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அது அக்காவின் சாமர்த்தியமாகப் போயிருக்கும், வகுப்பின் பலனாக ஆகியிருக்காது. இதெல்லாம் எனக்கு அப்புறம் புரிந்தது. அப்போது, பேசித் தொலையேன்க்கா என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, அமைதியா இருங்க" என்று ஆரம்பித்தான் ஒட்டடைக்குச்சி.

"யாருடா அமைதியா இருக்கணும்?"

பையன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அவ்வளவு நீள உடம்பை மடக்கிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். இப்போது ஐயா குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"ஐயா, தப்பு என்னோடது. கதவு எப்பத் தொறக்கும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச உடனே உங்ககிட்ட சொல்றேன். அதுவரைக்கும் நான் இங்கயிருந்து எழுந்திருக்க மாட்டேன்."

ஐயா உலுக்குவதை நிறுத்தினார்.

"மூச்சு முட்டுதா ஐயா?"

தலை அசைந்தது.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. இந்தச் சுவருதான்... கிட்ட வர்ற மாதிரி இருக்கு."

"ஜன்னல் பக்கம் போறீங்களா, இங்க கதவுகிட்ட உக்கார்றீங்களா? உங்களுக்கு எது தேவலை?"

ஐயா யோசித்தார். யோசிக்க ஒரு விஷயம் கிடைத்ததே அவருக்கு ஒரு தெம்பு போலிருந்தது. "இங்கயே" என்று சொல்லிக் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். நான் மூச்சு விடாமல் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கொண்டிருந்தேன். "எதாவது பேசுடா" என்றார்.

"இந்த மணிச் சட்டத்தை ஏன் போட்டீங்க ஐயா?" என்று கேட்டான் பையன். சுவரோரம் நின்ற ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு தடவை மணி அடிச்சும் கதவைப் பூட்டாம நின்னுட்டான் என்கூட இருந்தவன். அந்தக் கதவு வழியா நாலு பேர் வெளிய வந்து அவனை அடிச்சானுங்க. பொழைச்சான். ஆனா கண்ணு ஒண்ணு போச்சு. அப்புறம் யாரும் நின்னு யோசிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபம் பாதி வடிந்துவிட்டது. பையன் அந்த நண்பரின் பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டான். ஐயாவின் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து முதல்வர் ஓடிவந்தார். பெரிய சிறையில் கணக்கு உதைக்கிறதாம். ஒரு ஆள் குறைகிறானாம், மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்களாம். குழுவில் ஒருவர் ஒட்டடைக்குச்சியின் காதருகே குனிந்து, "இதோ வருதுன்னு சொல்லிடுப்பா. பாவம், தாங்க மாட்டாரு" என்றார்.

பையன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா தலையை ஆட்டவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. எனக்குள் சொல்லிவிடு என்று ஒரு மனசு, சொல்லாதே என்று ஒரு மனசு.

"ஐயா, சொல்றேன்னு சொன்னேன் இல்லையா. கணக்கு உதைக்குதாம். திரும்ப எண்ணுறாங்க. இன்னும் நேரமாகும்."

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"சரி" என்றார். பிறகு, "இருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன் ஐயா."

சாவி வந்தபோது இருவரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். குறைந்த ஆள் சமையல்கட்டில் மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தானாம். கதவு திறந்தது. ஐயா சுவரைப் பிடித்து எழுந்து, யாரையும் பார்க்காமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். முதல்வர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா தரையைப் பார்த்தாள். முடிந்தது கதை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அக்காவிடம் போய் நின்றார்.

"அடுத்த பேட்ச் எப்ப?"

"வகுப்பு இருக்கும்னா, அடுத்த மாசம் ஐயா."

"இருக்கும். ஆனா இந்த டயர்காரன் வேண்டாம். மிகையா நடிக்கிறான். கைதியா நானே வர்றேன்."

நான் வளர்த்த தாடி வீணாகப் போனது. அது கிடக்கட்டும். அன்று வீட்டுக்கு வந்த அக்கா, வாசலிலேயே தன் நடத்துநர் குரலில், "கிடைச்சிடுச்சு" என்று ஒரு கூப்பாடு போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மாமா கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். அன்று அங்கே வந்திருந்த அப்பா திக்குமுக்காடிப் போய், என்ன கிடைத்தது என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் பொண்ணு ஜெயில் ஆபீசர்களுக்கு வாத்தியார் ஆயிட்டா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். நான் அழுதேன். அதில் நடிப்பு இல்லை.

இப்போது ஒவ்வொரு பேட்சுக்கும் ஐயா தவறாமல் வருகிறார். ஒருநாள் நானும் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள், கிழவர் என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தார்கள். சட்டை நனைகிறது, விரல் நடுங்குகிறது. அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். இத்தனை தடவைக்கப்புறமும் அந்தப் பயம் அவருக்குத் தெளியவில்லை. தெரிந்துதான் வருகிறார்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்காருவார். அக்கா சாவியைப் பூட்டில் வைத்துக்கொண்டு, "பூட்டட்டுமா ஐயா?" என்று கேட்பாள். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். அவர் சரி என்று சொல்லும்வரை அக்கா சாவியைத் திருப்பாமல் நிற்பாள்.